பாட்டனார் விட்டுச் சென்ற கடன்

மனிதன் தன் முன்னோரிடமிருந்து நிலத்தைப் பெறுகிறான், வீட்டைப் பெறுகிறான், முகச்சாயலையும் குரலையும்கூடப் பெறுகிறான். மரியாதையையும் அவ்வாறே பெற முடியுமா? ஒருவர் உயிரைப் பணயம் வைத்து ஈட்டிய புகழ், அவருடைய பேரனின் பேரனுக்குப் பத்திரமும் பதிவுமின்றிச் சொந்தமாகிவிடுமா? முடியும், ஆகும் என்போமாயின், மற்றொரு கேள்விக்கும் நாம் விடை கூறியாக வேண்டும். ஒருவர் தேடிக்கொண்ட பழியும் அவ்வாறே அவருடைய வழித்தோன்றல்களுக்குச் சேருமா?

இது ஏட்டளவில் எழும் கேள்வியன்று. தமிழகத்தில் தேர்கள் நிலையிலேயே நின்றுபோனதும், ஒரே ஊர் இரண்டுபட்டதும், பேசி முடித்த திருமணங்கள் முறிந்ததும் இக்கேள்விக்கு மக்கள் கொண்டிருந்த விடையினால்தான். இதனை ஆராய்வதற்குப் புதுக்கோட்டை மாவட்டத்தை நாம் எடுத்துக்கொள்கிறோம். போர்க்குடிகளின் பெருமையும், அப்பெருமையை நிலைநாட்டும் சோதனைகளும், பிறப்பினால் சுமத்தப்பட்ட பழிகளும் ஒருங்கே காணக்கிடைக்கும் மண் அது. அண்டை வீட்டாரின் குறையை எண்ணிப் பார்ப்பது நம் நோக்கமன்று. அவர்களுடைய முற்றத்தில் தொடங்கும் இப்பேச்சு நம் கூடத்தில்தான் வந்து முடியும்.

கல்லில் தொடங்கிய பெருமை

புதுக்கோட்டை நகரை அடுத்த பொற்பனைக்கோட்டையில் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த நடுகல் ஒன்று கிடைத்திருக்கிறது. ஆநிரைப் பூசலில் உயிர்நீத்த வீரனுக்காக எடுக்கப்பட்ட கல் அது. ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்டது என்பர். நடுகல் என்னும் வழக்கத்தின் உட்பொருளை எண்ணிப் பாருங்கள். அங்கே போற்றப்படுவது ஒரு செயல். ஊரின் கால்நடைகளை மீட்கப் போனவன் மீளவில்லை. மீண்டவர்கள் அவனுக்குக் கல் நட்டார்கள். கல் அவனுக்காக நடப்பட்டதேயன்றி, அவனுடைய குலத்துக்காக நடப்பட்டதன்று.

ஆனால் கல் நிற்கிறது; காலம் ஓடுகிறது. மகன் அக்கல்லுக்கு மாலையிடும்போது அவன் கண்ணில் நீர் இருக்கிறது. பேரன் மாலையிடும்போது அது ஆண்டு வழக்கமாகிறது. நான்காம் தலைமுறையிலோ, முதல் மாலையை இடும் உரிமை யாருடையது என்னும் வழக்குப் பிறக்கிறது. செயல் மறைந்து உரிமை மிஞ்சுகிறது. பரம்பரைப் பெருமையின் வரலாறு முழுவதையும் இந்த மூன்று மாலைகளுக்குள் அடக்கிவிடலாம்.

புதுக்கோட்டைச் சீமையின் அரசியல் வரலாறும் இதே வழியில்தான் நடந்தது. 1686-ஆம் ஆண்டளவில் இராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி, தம் மைத்துனரான ரகுநாதத் தொண்டைமானைப் புதுக்கோட்டைப் பகுதிக்கு ஆட்சியாளராக்கினார். தொண்டைமான் மரபினர் கள்ளர் குடியினர். சீமை நாடுகளாகப் பிரிந்திருந்தது. நாட்டுக்கு நாட்டார், ஊருக்கு அம்பலம் என்று தலைமை அமைந்திருந்தது. போருக்கு ஆள் தந்தவர்களுக்கும் கோட்டையைக் காத்தவர்களுக்கும் அரசர் இனாம் நிலமும் பட்டப் பெயரும் விருதுகளும் அளித்தார். கோயில் திருவிழாவில் யாருக்கு முதலில் பரிவட்டம் கட்டுவது, யாருக்கு முதலில் மாலையும் திருநீறும் தருவது என்பன இந்தத் தொண்டினை ஒட்டியே வரிசைப்பட்டன. புதுக்கோட்டையைப் பற்றி 1987-இல் விரிவான நூலொன்று எழுதிய அமெரிக்க அறிஞர் நிக்கோலஸ் டர்க்ஸ், அந்தச் சமுதாயத்தில் நிலமும் பதவியும் மரியாதையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தமையை எடுத்துக்காட்டுகிறார்.

ஆங்கிலேயர் ஆதிக்கம் வந்தபின் போருக்கு ஆள் திரட்டும் தேவை ஒழிந்தது. சேஷையா சாஸ்திரியார் திவானாக இருந்த காலத்தில், 1888-ஆம் ஆண்டு இனாம் ஏற்பாட்டினால், பழைய ஊழியத்துக்கென விடப்பட்டிருந்த நிலங்கள் வரிக்கு உட்பட்ட சொந்த நிலங்களாயின. ஊழியம் நீங்கியது, நிலம் மாறியது, 1948-இல் அரசும் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. பரிவட்டம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது! கூலிக்கான வேலை நின்றுபோன பின்னும் கூலியைக் கேட்டுக்கொண்டிருப்பது போன்ற நிலை இது. இதனை யாரும் விந்தையாகக் கருதவில்லை என்பதே பெரிய விந்தை.

சோதனை ஏன் வேண்டியிருந்தது?

போர்க்குடிகள் எவையாயினும் அவற்றில் ஒரு பொதுப் பண்பைக் காண்கிறோம். பெருமை இரத்தத்தில் ஓடுகிறது என்று சொல்லும் அதே மக்கள், ஒவ்வொரு தலைமுறை இளைஞனையும் ஏதேனுமொரு சோதனைக்கு உட்படுத்துகிறார்கள். புதுக்கோட்டையில் அச்சோதனை வாடிவாசலில் நடக்கிறது. கந்தர்வக்கோட்டைப் பக்கத்துத் தச்சங்குறிச்சியில்தான் பெரும்பாலும் ஆண்டின் முதல் சல்லிக்கட்டு தொடங்கும். 2019 ஜனவரி 20 அன்று விராலிமலையில் 1,300-க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்த்துவிடப்பட்டு உலகச் சாதனையாகப் பேசப்பட்டது. 2014-இல் உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டைத் தடை செய்தது, 2017-இல் தமிழக இளைஞர் திரண்டெழுந்தனர், சட்டம் திருத்தப்பட்டது, 2023 மே மாதம் அச்சட்டம் செல்லும் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு விளையாட்டுக்காக இத்தனை பெரிய கிளர்ச்சியா என்று வெளியூரார் வியந்தனர். விளையாட்டு என்று மட்டும் அதனைக் கருதியவர்களுக்கு அவ்வியப்பு இயல்புதான். களத்தில் நின்றவர்களுக்கு அது மானத்தின் அளவுகோல்.

இங்கே நாம் நின்று சிந்திக்க வேண்டும். வீரம் பிறப்பிலேயே வந்துவிடுமாயின், அதனை மெய்ப்பிக்கக் காளையின் திமிலைத் தழுவ வேண்டிய தேவை என்ன? மாணிக்கம் என்று உறுதியாகத் தெரிந்த கல்லை யாரேனும் உரைத்துப் பார்ப்பார்களா? சோதனை வைக்கிறார்கள் என்பதே, இரத்தத்தை மட்டும் நம்ப முடியாது என்று அக்குடியே தன்னையறியாமல் ஒப்புக்கொள்வதாகும். பரம்பரைப் பெருமைக்கு எதிரான முதற்சாட்சியம் எதிரிகளிடமிருந்து வரவில்லை. அது வாடிவாசலிலிருந்தே வருகிறது. சீறி வரும் காளை, எதிரே நிற்பவன் யாருடைய மகன் என்று கேட்பதில்லை. அந்த அளவில் அது மனிதரைவிட நேர்மையான நடுவர்.

ஆயினும் காளையின் நேர்மைக்கும் ஓர் எல்லை உண்டு. வாடிவாசலுக்கு வெளியே மனிதர்கள் வகுத்த வரிசையை அது மாற்றுவதில்லை. எந்தக் கோயிலின் காளை முதலில் வரும், எவர் முன்னிலையில் விழா தொடங்கும், எவருக்கு மேடையில் துண்டு போர்த்தப்படும் என்பன பல ஊர்களில் சோதனை தொடங்குமுன்னரே பிறப்பால் முடிவாகிவிடுகின்றன. உயிரைக் கொடுத்துக் காளையை அடக்கும் இளைஞனுக்கு ஒரு நாள் பரிசு. காளையின் பக்கமே போகாதவருக்கு நிலைத்த மரியாதை. சோதனை எழுதியவன் ஒருவன், தேர்ச்சி பெற்றவன் வேறொருவன் என்றால் அது என்ன தேர்வு?

உண்மையைக் கண்டறிய உடலைச் சோதிக்கும் வழக்கமும் நம் தென்னாட்டில் இருந்தது. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரிமார் கொதிக்கும் நெய்யில் கையை முக்கித் தம் தூய்மையை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. கைமுக்கு என்பது அதன் பெயர். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில், 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், அது ஒழிக்கப்பட்டது. ஐரோப்பாவிலும் பழுக்கக் காய்ச்சிய இரும்பை ஏந்தச் செய்யும் வழக்கம் இருந்தது. 1215-ஆம் ஆண்டு லாத்தரன் பேரவையில்தான் கிறித்தவக் குருமார் அதில் பங்கு கொள்ளலாகாது என்று தடுக்கப்பட்டனர். நெய்யில் வேகும் கை, தோலின் தன்மையைச் சொல்லுமேயன்றி நெஞ்சின் தூய்மையைச் சொல்லாது. வாதி சான்று காட்ட வேண்டும், மறுப்பவர் சத்தியம் செய்ய வேண்டும் என்று இஸ்லாமியச் சட்டம் வகுத்த எளிய நெறி, மனிதனின் உடலை நீதியின் அடுப்பிலிருந்து இறக்கி வைத்தது.

ஒரு விரிப்பின் நான்கு முனைகள்

குலப் பெருமையில் அரபு நாட்டவர் நம்மவருக்குச் சற்றும் இளைத்தவரல்லர். ஓர் ஒட்டகத்தைக் கொன்ற சச்சரவில் பக்ரு, தக்லிபு என்னும் இரு குலத்தார் நாற்பதாண்டுகள் போரிட்டதாக அவர்களுடைய பழங்கதைகள் கூறுகின்றன. பஸூஸ் போர் என்பது அதன் பெயர். குதிரைப் பந்தயமொன்றில் எழுந்த பூசல் மற்றொரு நெடும்போராயிற்று. ஒட்டகமும் குதிரையும் சாக்குகள்தாம். தன் குலம் தாழ்ந்துவிட்டது என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே என்னும் அச்சமே அவர்களைப் போர்க்களத்தில் நிறுத்தியது.

முதல் மரியாதைப் பூசலும் அங்கே எழுந்ததுண்டு. குறைஷியர் கஃபாவைப் புதுப்பித்துக் கட்டினார்கள். சுவர் எழும்புவதில் எல்லாக் குலத்தாரும் தோள் கொடுத்தனர். ஹஜருல் அஸ்வத் என்னும் கருங்கல்லை அதன் இடத்தில் வைக்கும் வேளை வந்ததும் ஒற்றுமை உடைந்தது. அந்தப் பேறு எந்தக் குலத்துக்கு? ஒரு குலத்தார் கிண்ணத்தில் இரத்தம் நிரப்பிக் கையை நனைத்து, சாவோமே தவிர விட்டுக்கொடோம் என்று சபதமெடுத்தார்கள். முடிவில், வாயிலில் முதலில் நுழைபவரின் தீர்ப்பை ஏற்பதாக உடன்பட்டனர். நுழைந்தவர், அப்போது முப்பத்தைந்து வயதினராயிருந்த நம் பெருமானார் (ஸல்) அவர்கள். நபித்துவம் அருளப்படுவதற்கு முந்தைய காலம் அது. அவர்கள் ஒரு விரிப்பைக் கொண்டுவரச் செய்து, கல்லை அதன் நடுவில் வைத்து, எல்லாக் குலத்தாரையும் விரிப்பின் ஓரங்களைப் பற்றித் தூக்கச் செய்தார்கள். உரிய உயரத்துக்கு வந்ததும் தம் கையால் கல்லை எடுத்துப் பொருத்தினார்கள்.

இத்தீர்ப்பின் நுட்பம் எண்ண எண்ண இனிப்பது. எந்தக் குலம் உயர்ந்தது என்று பெருமானார் (ஸல்) ஆராயவேயில்லை. அந்தக் கேள்வியையே எழவிடாமல், சுமையைப் பொதுவாக்கினார்கள். மரியாதை என்று எதை எண்ணிச் சண்டையிட்டார்களோ, அது ஒரு பாரம் என்பதை விரிப்பைப் பற்றிய கைகளெல்லாம் அப்போது உணர்ந்திருக்கும்.

நாணயத்தின் மறுபக்கம்

இனி, நாம் தொடக்கத்தில் எழுப்பிய இரண்டாவது கேள்விக்கு வருவோம். பெருமை பரம்பரையாக வருமாயின் பழியும் வர வேண்டும். வரலாறு இதனை இரக்கமின்றிச் செய்து காட்டியிருக்கிறது.

புதுக்கோட்டையில் கள்ளர் குடி அரச குடி. அங்கிருந்து வெகு தொலைவில் இல்லாத மதுரைச் சீமையில், கள்ளர் என்னும் பெயரே தாங்கிய பிறமலைப் பிரிவினரோ, ஆங்கில அரசின் கண்ணில் குற்றப் பரம்பரை! 1871-இல் வடநாட்டில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மக்கள் அதனை ரேகைச் சட்டம் என்றனர். குற்றம் செய்தாலும் செய்யாவிட்டாலும் அக்குடியில் பிறந்த ஆடவன் கைரேகை வைக்க வேண்டும். ஊர் விட்டு ஊர் செல்ல அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். இரவில் காவலர் கண்காணிப்பில் படுத்துறங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்து எதிர்த்து நின்றவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பெண்ணொருத்தி உட்படப் பதினாறு பேர் மாண்டனர். 1947-இல்தான் அச்சட்டம் சென்னை மாகாணத்தில் நீக்கப்பட்டது.

ஒரே பெயர்; ஓரிடத்தில் பரிவட்டம், மற்றோரிடத்தில் கைரேகை. இரண்டிலும் தனிமனிதன் செய்தது என்ன என்று எவரும் கேட்கவில்லை. பரிவட்டம் கட்டியவரும் ரேகை எடுத்தவரும் ஒரே தத்துவத்தைத்தான் நம்பினர். பிறப்பைப் பார்த்தால் போதும், ஆளைப் பார்க்க வேண்டாம் என்பதே அது.

புதுக்கோட்டைக்கும் ஒரு பழி உண்டு. 1799-இல் வீரபாண்டிய கட்டபொம்மன் தொண்டைமானின் ஆட்களால் பிடிக்கப்பட்டு ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டு, அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அன்றைய அரசரின் முடிவைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் வாதிடட்டும். ஆனால் இருநூறாண்டுகள் கழித்துப் பிறந்த புதுக்கோட்டைப் பிள்ளையைப் பார்த்து, காட்டிக்கொடுத்த ஊர் என்று ஏளனம் செய்வது என்ன நியாயம்? அவன் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லையே! இதற்கு அவன் பதில் சொல்ல வேண்டுமென்றால், தன் முன்னோரின் வீரத்துக்காகத் தலைநிமிரும் உரிமையையும் அவன் விட வேண்டும். வரவை மட்டும் எழுதிக்கொண்டு பற்றை எழுதமாட்டேன் என்பவரின் கணக்கை எந்த வணிகரும் ஏற்கமாட்டார்.

அதே மண்ணில் மற்றொரு நிகழ்ச்சி. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமியின் தாயார் தேவதாசிக் குலத்தவர். அம்மகள் மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது, பெண் என்பதாலும் அக்குலத்துப் பெண் என்பதாலும் எதிர்ப்பு எழுந்தது. அரசர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பை மீறி இடமளித்தார். அவரே 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. சென்னைச் சட்டமன்ற மேலவையின் துணைத் தலைவராக விளங்கினார். அவ்வை இல்லத்தையும் அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனையையும் நிறுவினார். தேவதாசி முறையை ஒழிக்கும் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வித்திட்டார்.

விதியின் விளையாட்டைப் பாருங்கள்! அதே அரசர் 1915-இல் மோலி பிங்க் என்னும் ஆஸ்திரேலியப் பெண்மணியை மணந்தார். அவர்களுக்குப் பிறந்த மகனை, தாயின் பிறப்பைக் காரணமாக்கி, அரசுக்குரியவனாக ஆங்கிலேயர் ஏற்கவில்லை. 1928-இல் அரசர் மறைந்ததும் உறவினர் குடும்பத்துச் சிறுவரான ராஜகோபாலத் தொண்டைமான் அரியணையில் அமர்த்தப்பட்டார். பிறரின் மகளுக்குப் பிறப்பின் தடையை உடைத்துக் கொடுத்தவரால், தம் மகனுக்கு அதனை உடைக்க இயலவில்லை. பிறப்பைக் கொண்டு மனிதரை அளக்கும் கோல் ஒருமுறை கையில் எடுக்கப்பட்டால், அது யார் பக்கம் திரும்பும் என்று எவராலும் சொல்ல முடியாது. எடுத்தவரையே அது அளந்துவிடும்.

நூஹின் மகனும் இப்ராஹீமின் தந்தையும்

திருமறை இவ்விரு கேள்விகளுக்கும் ஒருசேர விடை தருகிறது. நபி நூஹ் (அலை) அவர்களின் மகன் வெள்ளத்தில் மூழ்கினான். தந்தையின் நபித்துவம் அவனைக் காக்கவில்லை. நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் தந்தை சிலைகளை வணங்கியவர். தந்தையின் வழிகேடு மகனைத் தாழ்த்தவில்லை. அவர்கள் அல்லாஹ்வின் உற்ற நண்பரானார்கள். தந்தையிடமிருந்து மகனுக்குப் பெருமை போகவில்லை, பழியும் போகவில்லை. இரண்டு கதவுகளும் ஒரே பூட்டால் அடைக்கப்பட்டிருக்கின்றன.

இப்ராஹீம் (அலை) அவர்களே இதனைக் கேட்டார்கள். மக்களுக்குத் தலைவராக்குவதாக இறைவன் அறிவித்தபோது, தம் சந்ததியாருக்கும் அப்பேறு கிட்டுமா என்று வினவினார்கள். அநீதி செய்பவர்களுக்குத் தன் வாக்குறுதி சேராது என்பதே இறைவனின் விடையாக அல்பகரா அத்தியாயத்தின் 124-ஆம் வசனம் கூறுகிறது. சந்ததியார் என்ற முறையில் மறுக்கவுமில்லை, அளிக்கவுமில்லை. அவரவர் நடத்தை அவரவருக்கு என்று வாயில் திறந்தே விடப்பட்டது.

மக்கா வெற்றியின்போது கஃபாவின் மீதேறி பாங்கொலிக்கும் பேறு குறைஷித் தலைவர் எவருக்கும் கிட்டவில்லை. அடிமையாயிருந்து விடுதலை பெற்ற பிலால் (ரலி) அவர்களுக்குக் கிட்டியது. விடுதலை பெற்ற அடிமையின் மகனான உஸாமா (ரலி), இருபது வயதளவில், மூத்த தோழர்கள் அடங்கிய படைக்குத் தலைவராக்கப்பட்டார்கள். முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். பெருமானார் (ஸல்) தம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

வரலாற்றுத் தத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படும் இப்னு கல்தூன், 1377-இல் எழுதிய முகத்திமாவில், குடிப்பெருமை நான்கு தலைமுறைக்கு மேல் நிற்பதரிது என்று கணக்கிட்டுக் காட்டினார். முதல்வர் உழைத்து எழுப்புகிறார். மகன் அருகிலிருந்து கற்கிறார். பேரன் பார்த்தபடி செய்து வருகிறார். நான்காமவரோ, இவையெல்லாம் உழைப்பால் வந்தவையல்ல, தம் பிறப்புக்கே உரியவை என்று எண்ணி, காத்த பண்புகளைக் கைவிடுகிறார். பெருமை பிறப்பில் வந்தது என்று ஒருவர் நம்பத் தொடங்கும் நாளே அது அவரைவிட்டு நீங்கத் தொடங்கும் நாள்.

சொத்தா, கடனா?

இங்கே ஒரு தடை எழக்கூடும். அப்படியாயின் முன்னோரை நினைப்பதே வீணா? குற்றப் பரம்பரை என்று எழுதப்பட்ட மக்கள் நிமிர்ந்து நிற்க முன்னோரின் வீர வரலாறு துணை செய்யவில்லையா? நல்ல குடும்பம் என்ற பெயர் எத்தனையோ இளைஞர்களைத் தவறான வழியிலிருந்து தடுத்திருக்கிறதே!

இத்தடையில் உண்மை இருக்கிறது. அதனை நாம் புறந்தள்ளவில்லை. முன்னோரின் நற்பெயர் நம்மிடம் வந்து சேரத்தான் செய்கிறது. அதனைச் சொத்தாக வரவு வைப்பதா, கடனாகப் பற்று எழுதுவதா என்பதே கேள்வி. சொத்தென்று எண்ணுபவர் பிறரிடம் வசூலிக்கப் புறப்படுகிறார். எனக்கு முதலிடம் கொடு, என் மகளை அவன் வீட்டில் கேட்காதே, என் எதிரில் செருப்பணியாதே என்பனவெல்லாம் அந்த வசூலின் வகைகள். கடனென்று எண்ணுபவரோ, தாம் என்ன செலுத்த வேண்டும் என்று பார்க்கிறார். என் பாட்டனார் அடைக்கலம் தந்தவர். நான் ஒருவரை விரட்டலாமா? என் பாட்டனார் சொன்ன சொல் தவறாதவர், நான் தவறலாமா? அமானத் என்று நாம் சொல்வது இதைத்தான். ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காட்டி ஊரில் பெருமை பேசுபவரை அறிவிலி என்போம். பழுதின்றித் திருப்பிக் கொடுப்பவரையே நாணயமானவர் என்போம்.

போர்க்குடி ஒன்றின் உண்மையான சோதனை எங்கே நடக்கிறது என்பதும் இப்போது விளங்கும். வலிமை படைத்தவர், எதிர்த்துப் பேச இயலாதவரிடம் எவ்வாறு நடக்கிறார் என்பதில்தான் அது நடக்கிறது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், பட்டியல் இன மக்கள் பயன்படுத்திய குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது. அதைச் செய்தவர் யார் என்பது நீதிமன்றத்தின் முன் உள்ளது. 2025 ஜனவரியில் தாக்கலான குற்றப்பத்திரிகையையும் அப்பகுதி மக்கள் மறுத்திருக்கின்றனர். அதனுள் நாம் நுழையவில்லை. ஆனால் விசாரிக்கச் சென்ற மாவட்ட ஆட்சியர் கவிதா ராமு அவர்கள், பக்கத்து இறையூரில் அம்மக்கள் ஐயனார் கோயிலுக்குள் விடப்படுவதில்லை என்பதையும், தேநீர்க் கடையில் அவர்களுக்குத் தனிக் குவளை வைக்கப்பட்டிருந்ததையும் நேரில் கண்டறிந்து, அவர்களைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். அண்டை மாவட்டமான சிவகங்கையின் கண்டதேவியில், தேர்வடம் பிடிக்கும் உரிமையிலும் நாட்டார் மரியாதையிலும் எழுந்த வழக்குகளின் நடுவே தேர் பல்லாண்டுகள் ஓடாமல் நின்று, 2024 ஜூனில்தான் மீண்டும் ஓடியது. கோயில் மரியாதையை எவரும் தம் தனியுரிமையாகக் கோரலாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை கூறியிருக்கிறது. நீரைக் காத்தவனுக்கும் ஆநிரையை மீட்டவனுக்கும் கல் நட்ட நாட்டில், ஒரு குவளைத் தண்ணீர் மனிதரைப் பிரிக்கிறது என்றால், நடுகல்லின் கீழ் உறங்கும் வீரன் இதனை ஏற்பானா?

நம் கூடத்துக்குத் திரும்புவோம்

அடுத்த வீட்டைச் சுட்டிய விரல் இப்போது நம் பக்கம் மடங்க வேண்டும். ராவுத்தர், மரைக்காயர், லெப்பை என்னும் பெயர்கள் குதிரை நடத்தியவர், கடலோடியவர், மார்க்கம் போதித்தவர் என்ற தொழில்களையும் தொண்டுகளையும் நினைவூட்டுபவை. இன்று நம் கொட்டிலில் குதிரை இல்லை; துறையில் மரக்கலம் இல்லை. பெயர் மட்டும் நிற்கிறது. சில இடங்களில் சம்பந்தம் பேசும்போது சுவராகவும் நிற்கிறது. ஜமாஅத் தலைமை தந்தைக்குப் பின் மகனுக்கே என்னும் ஊர்கள் இல்லையா? சந்தனக்கூட்டில் முதற்போர்வை எவருடையது என்று வழக்காடியவர்கள் இல்லையா? தொழுகை வரிசையில் தோளோடு தோள் உரசி நிற்கும் நாவிதர் வீட்டுப் பிள்ளை, நம் விருந்தில் எந்தப் பந்தியில் அமர்கிறான்? அவன் வீட்டில் பெண்ணெடுக்க நம்மில் எத்தனை பேர் முன்வருவோம்?

1981-இல், அன்றைய நெல்லை மாவட்டத்து மீனாட்சிபுரத்தில், பிறப்பின் இழிவைத் தாங்க முடியாமல் நூற்றுக்கணக்கானோர் இஸ்லாத்தைத் தழுவியபோது நாடே பேசியது. நாமும் பெருமிதத்தோடு பேசினோம். அவர்கள் கலிமாச் சொல்லி நம்மிடம் வந்தார்கள். சம்பந்தி முறை சொல்லி நாம் எவ்வளவு தூரம் அவர்களிடம் போனோம்? பள்ளிவாசலில் ஒரு வரிசையும் திருமணப் பந்தலில் வேறு வரிசையும் வைத்திருப்போமாயின், பரிவட்டம் கட்டுபவரைக் குறை கூறும் தகுதி நமக்கு ஏது? அவர்களாவது வழக்கம் என்கிறார்கள். நமக்கோ, அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 13-ஆம் வசனத்தை ஓதிய பின்னும் அவ்வாறு நடந்தோம் என்ற கூடுதல் பொறுப்பு உண்டு. குலங்களும் கிளைகளும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்றும், இறையச்சம் மிக்கவரே இறைவனிடத்தில் கண்ணியம் மிக்கவர் என்றும் அது தெளிவுறுத்துகிறது. பெயர் என்பது அடையாளம், ஏணியன்று.

ஆகவே, பிள்ளைகளுக்கு முன்னோரின் கதையைச் சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். கதை முடிந்ததும், நாம் இன்னார் வம்சம் என்று நிறுத்திவிடாமல், அவர் செய்ததை நீ எப்போது செய்யப் போகிறாய் என்ற கேள்வியோடு முடியுங்கள். முன்னோரின் குற்றத்தைக் காட்டி எவரேனும் ஒரு பிள்ளையைத் தாழ்த்தினால், அதை நீ செய்யவில்லையே என்று அவன் பக்கம் நில்லுங்கள். அடுத்த நிக்காஹ் பேச்சில், என்ன குடும்பம் என்ற கேள்விக்கு முன்னர், என்ன குணம் என்ற கேள்வியைக் கேளுங்கள். ஜமாஅத் கூடும்போது, இதுவரை பேசாதவரை முதலில் பேசச் சொல்லுங்கள்.

மறுமையில் நம் ஏடு நம் கையில் தரப்படும்போது, அதில் பாட்டனாரின் செயல் ஒன்றும் எழுதப்பட்டிராது. அவர் விட்டுச் சென்ற கடனில் நாம் எவ்வளவு செலுத்தினோம் என்பதே எழுதப்பட்டிருக்கும். செலுத்தும் வலிமையை வல்ல இறைவன் நமக்கெல்லாம் அருள்வானாக!